லைட்டைப் போட்டால் இரையும் ரேடியோ

மோகனசுந்தரம் லாரிக்குப் புது எல்இடி ஹெட்லைட் மாட்டியதிலிருந்து ரேடியோவில் ஒரே இரைச்சல். கேபினைத் துடைக்கும்போது மனைவி செல்வப்பிரியாதான் ஏரியல் ஒயரை இழுத்துவிட்டாள் என்று அவன் சத்தம் போட, அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். இன்று காலை அவன் தூங்கும்போதே லாரியில் ஏறிச் சோதித்துப் பார்த்தாள். தான் வேலை பார்க்கும் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்குக் கிளம்பும்முன் இட்லிப் பாத்திரத்தின்மேல் ஒரு சீட்டு எழுதி வைத்தாள்.

“ஏனுங்க, லைட்டைப் போட்டா ரேடியோ இரையுது, அணைச்சாப் பாடுது. ஏரியல் ஒயரு நல்லாத்தான் இருக்குது. குத்தம் உங்க புது லைட்டு மேலதான், எம்மேல இல்லீங்க. பழைய பல்பு டூல் பாக்ஸ்ல இருக்குது, மாட்டிட்டுப் போங்க. சட்னி பிரிட்ஜ்ல இருக்குது. கேஸ்காரர் வந்தா சிலிண்டரை வாங்கி வையுங்க. நான் இன்னும் கோவமாத்தான் இருக்கறேன்.”

அடியில் இடமில்லாமல் ஓரமாக நெருக்கி எழுதியிருந்தாள்: “பாட்டுக் கேக்கோணும்னு லைட்டை அணைச்சுப்போட்டு மலையேறிராதீங்க. அவ்வளவு ஆசையா இருந்தா போன் பண்ணுங்க, நானே பாடறேன்.”

அவன் பழைய பல்புகளை மாட்டினான். ரேடியோ கணீரென்று பாடியது. சாயங்காலம் மலைமேல் வண்டிப்பெரியாரில் லாரியை ஓரங்கட்டி, ரேடியோவை அணைத்துவிட்டு, அவளுக்குப் போன் போட்டான்.

“இன்னும் இரையுது புள்ள. நீயே பாடு.”