கறுப்புக் கோடு ஸ்டிக்கர்

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில். பத்து மணிக்கே ஜாக்கெட் நனைந்துவிட்டது. கேக் மாவு கலக்கி முடித்தேன். முட்டை மட்டும் நாற்பது. தோள் விட்டுப்போச்சு. மாவுத் தட்டைக் கொடுத்தால் பேக்கரிக்காரர்களே அடுப்பில் வேகவைத்துத் தருவார்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் தருகிற மாதிரி. மே மாதத்தில் தட்டோடு வந்தது நீங்கள் ஒருத்தர்தான் என்று மாஸ்டர் சிரித்தார். சிரிக்கட்டும்.

எல்லாம் என் மகள் பவானிக்காக. அவளும் ஃபுட்பால் டீம் பெண்களும் சனிக்கிழமை திருச்சி போட்டிக்குப் போக வேண்டும். கேக் விற்றால்தான் ரயில் டிக்கெட்.

தம்பி கோபி கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். மிச்ச ஸ்டிக்கர் ஒரு ரோல் கொண்டுவந்து கொடுத்தான். மேல் பாதி கறுப்புக் கோடு, கீழ்ப் பாதி வெள்ளை. டீம் பனியனும் கறுப்புக் கோடுதான். பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு கவரின் வாயிலும் ஒன்று. கடைக் கேக் தோற்றது போங்கள்.

மே 7, புதன்

எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கிலேயே முப்பது போயே போச்சு.

மதியம் பெண்கள் திருவொற்றியூர் ரோட்டுக்கு. ஹார்பருக்குள் போக லாரிகள் ரெண்டு நாளாக வரிசையில். டிரைவர்கள் பசியோடு இருப்பார்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஒன்றுகூட விற்கவில்லை. வாங்கிப் பார்க்கிறார்கள், திருப்பிக் கொடுக்கிறார்கள். கடைசியில் ஒரு டிரைவர் தன் கன்டெய்னர் கதவைக் காட்டினாராம். அதே கறுப்புக் கோடு, பெரிதாக.

"கெமிக்கல் சரக்கும்மா இது. நாங்க இது பக்கத்துல நின்னு பீடிகூடப் புடிக்க மாட்டோம்."

பவானி வந்து சொன்னாள். நானே மூன்று தின்றிருக்கிறேன்.

மே 8, வியாழன்

விடிந்ததும் வாசலில் கீழ் வீட்டுச் சரசக்கா. பையனுக்கு ஓயாத வாந்தியாம். கையில் என் கேக் கவர். ஸ்டிக்கர் விஷயம் அதற்குள் பிளாக் முழுக்க.

"இன்னாடி கலந்த? எம்புள்ளைக்கு எதுனா ஆச்சு, இந்தக் கவர எட்துகினு நேரா ஸ்டேசனுக்குத்தான் போவேன்."

மைதா, முட்டை, சர்க்கரை, டால்டா, எசென்ஸ். வேறென்ன போட்டேன்? விரல் விட்டு எண்ணுகிறேன். போடாத ஏதோ ஒன்றைப் போட்டுவிட்ட மாதிரியே இருக்கிறது.

கோபியைப் பிடித்து உலுக்கினேன். யார்டு கிளார்க்கைக் கேட்டுவிட்டு வந்தான். தீப்பிடிப்பது, விஷம், ஆசிட் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டிக்கராம். எதிலும் சேராத ஆபத்துக்கு இது. அப்படியென்றால் என்ன ஆபத்து? அவனுக்கும் தெரியவில்லை. ரோல் புதுசு, எதன்மேலும் ஒட்டாதது என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறான். நம்புவதா வேண்டாமா?

சரசக்காவோடு நானும் டாக்டரிடம் போனேன். அங்கே பையன் உண்மையைச் சொன்னான். கேக்கை அவன் தின்னவே இல்லை, தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டான். அவள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறாள். தண்ணீர்க் கோளாறு என்றார் டாக்டர். உங்கள் எம்.கே.பி. நகரிலிருந்தே இந்த வாரம் இப்படிப் பல பேர், காய்ச்சிக் குடியுங்கள்.

சரசக்கா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வரும் வழியில், "இன்னும் கேக்கு கீதா?" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மே 9, வெள்ளி

ஸ்டிக்கர் எல்லாம் பிய்த்தாயிற்று. ரப்பர் பேண்டு போட்டோம். அதே கேக், அதே ரோடு, வேறு லாரிகள். ஒரு மணி நேரத்தில் காலி. டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

பவானி மட்டும் உர்ரென்று. சாப்பிடும்போது கேட்டாள்.

"கேக்குல ஒட்னதுக்கே இவ்ளோ பேஜாரு. நம்ம தண்ணி டிரம்மு மாமா அந்த யார்டுலருந்துதானம்மா எட்துகினு வந்துச்சு? அதுல இன்னா ஒட்டியிருந்துச்சு?"

நீல டிரம். நாலு வருஷமாக அதில்தான் தண்ணீர். வந்த அன்றைக்கு சோப்பு போட்டு மூன்று தரம் கழுவினேன். ஏதோ ஒட்டியிருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று வெந்நீர் ஊற்றிக் கரண்டியால் சுரண்டியது நான்தான். என்ன படம்? என்ன எழுத்து? யோசித்து யோசித்துத் தலைவலி. கோபிக்கும் ஞாபகமில்லை.

பிளாக்கில் எல்லா வீட்டிலும் இதே நீல டிரம். எல்லாரும் சுரண்டியவர்கள்தான்.

மே 10, சனி

லாரித் தண்ணீர் வந்து மூன்று நாள். குடம் காலி. டிரம்மில் கால்வாசி.

முகர்ந்து பார்த்தேன். வாசனை இல்லை. வாசனை இல்லாவிட்டால் நல்லதா கெட்டதா? காய்ச்சினேன். காய்ச்சினால் கிருமி சாகும். மற்றது? ஆறவைத்து, பவானி பார்க்க நான் முதலில் ஒரு டம்ளர் குடித்தேன். அவள் பாட்டிலை நீட்டினாள். நிரப்பிக் கொடுத்தேன். வேறு எதை நிரப்புவது?

எழும்பூர் ஸ்டேஷன். நல்ல கூட்டம். மற்ற பெண்கள் பாடிக்கொண்டு. ஜன்னலோரம் பவானி, பாட்டில் மடியில். உதடெல்லாம் காய்ந்திருந்தது. குடியேன்டி என்றேன்.

"அப்பால குடிக்கிறேன்" என்றாள். வண்டி நகரும்வரை மூடியைத் திறக்கவில்லை.