சிவப்புக் குடை

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நம் மலையில் குளிர் தொடங்கியிருக்குமே. இந்தத் தீவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இருமல்கூட முக்கால்வாசி போய்விட்டது.

நேற்று கப்பலில் வந்தவர்களுக்குக் கோர்ஃபு ஊரைச் சுற்றிக் காட்டினேன். என் சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்தால் கூட்டம் அதைப் பார்த்தே பின்னால் வரும். நேற்றோ மழை பிடித்துக்கொண்டது. சந்து முழுக்கக் குடைகள், அதில் பாதி சிவப்பு. திரும்பிப் பார்த்தால் என் பின்னால் ஒருவரும் இல்லை. கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் போனால் என் வேலையும் போகும். தேடி ஓடினேன்.

ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய ஒரு அம்மாளின் சிவப்புக் குடைக்குப் பின்னால் போய், அவர் வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். "உன் ஆளுங்களா இவங்க? உள்ளே கூப்பிடலாம்னா அத்தனை நாற்காலி இல்லையேம்மா," என்றார் அவர்.

பிறகு என் குடையை மூடி உயரத் தூக்கிக்கொண்டேன். கொட்டுகிற மழையில் மூடிய குடையோடு போனவள் நான் ஒருத்திதான். அதனால் யாரும் வழி தவறவில்லை. பாதி வழியில் என் தலைமேல் மட்டும் மழை நின்றது. கூட்டத்திலிருந்த ஒரு வயதான பெண் தன் குடையை எனக்குப் பிடித்திருந்தார். "நீ இப்படி நனையறத உங்கம்மா பார்த்தா என்னைத்தான் திட்டுவாங்க," என்றார்.

கம்பளிக் காலுறையும் கொஞ்சம் மலைத் தேயிலையும் அனுப்பு. பேருந்துக்காரர் ஹாரன் அடிக்கிறார், கிளம்புகிறேன்.

எனக்குக் குடை பிடித்தவரைத் திட்டாதே, அம்மா. ஞாயிற்றுக்கிழமை போனில் என்னையே திட்டு. கேட்டு ரொம்ப நாளாகிறது.

உன்
ஃபோதினி