புது லேப்டாப்பில் உங்கள் பழைய டாஸ்

என் ஆசை மாமாவுக்கு,

ஏனுங்க, நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் நம் கணபதித் தெருவே சிரிக்கும். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் தம்பிமார் நினைவு நாளுக்குப் பேப்பரில் கட்டம் கட்டிப் போட்டோ போடலாம் என்றார்கள். போடட்டும். எனக்கு அது பத்தாது. உங்களோடு நான் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும் என்றுதான் நம் மோட்டார் கட்டும் பட்டறைக்காரர்கள் சங்கத்து மலரில் எழுதுகிறேன்.

முதலில் சேதியைக் கேளுங்கள். வைகாசியில் விழுந்த இடியில் உங்கள் கம்ப்யூட்டர் கருகிவிட்டது. பிளக்கைப் பிடுங்க மறந்தது நான்தான். திட்டாதீர்கள், திட்ட வேண்டியதையெல்லாம் நானே திட்டிக்கொண்டாயிற்று. பெட்டி போனால் போகிறது, அதற்குள் நீங்கள் எழுதி வைத்த மோட்டார் காயில் கணக்குப் புரோகிராம் இருந்ததே? போர்வெல் ஆழம், தண்ணீர் மட்டம், தோட்டத்துக்கு வந்து சேரும் வோல்டேஜ் எல்லாம் கொடுத்தால் எந்தக் கம்பி, எத்தனை சுற்று என்று சொல்லுமே! ஒரு துண்டுச் சீட்டிலாவது அந்தக் கணக்கை எழுதி வைத்தீர்களா? ஒரே ஒரு ஃப்ளாப்பியில் காப்பி இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் பூராவும் நான் அந்தப் பெட்டிப் பக்கமே போகவில்லை. எரிந்து வருகிற மோட்டாரைப் பிரிப்பேன், பழைய காயிலில் எத்தனை சுற்று என்று எண்ணுவேன், அதேபோலத் திரும்பக் கட்டிக் கொடுப்பேன். பட்டறை எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அன்னூர்ப் பழனியப்பன் ஐயா தோட்டத்து மோட்டாரோடு வந்து இறங்கினார்.

"கண்ணு, வேற எடத்துல ரெண்டு தடவ கட்டி ரெண்டு தடவயும் எரிஞ்சுபோச்சு. எங்க பக்கம் கரண்டு அரை உசுராத்தான் வருது. உங்கூட்டுக்காரரு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுக் கட்டுவாரே, அப்படிக் கட்டிக் குடு. வாழை மூணு நாள் தாங்கும். முடியலீன்னா இப்பவே சொல்லிப்போடு, வேற பட்டறை பாத்துக்கறேன்."

எரிந்த காயிலை எண்ணி அதே மாதிரி கட்டினால் மூன்றாவது தடவையும் எரியும். "அவர் கணக்கு அவரோடு போய்விட்டது ஐயா" என்று எப்படிச் சொல்வேன்? சொன்ன அன்றைக்கே ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். "கைவேலைக்கு ஆள் இருக்குது, டிசைனுக்கு ஆள் போயிருச்சே" என்று தெருவில் ஏற்கெனவே பேச்சு. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

துடியலூரில் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கிறானே என் தம்பி செந்தில், அவனுக்குப் போன் போட்டேன். புதுசாக வாங்கின லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான். விண்டோஸ் 98. உங்கள் ஃப்ளாப்பியைப் போட்டு ஓட்டினால் ஏதோ தப்பு என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது, உடனே நின்றுவிட்டது. என்னென்னவோ செய்து பார்த்தான். திரும்பத் திரும்ப அதே வரி. "உங்க மச்சான் வெச்சிருந்த அதே பழைய டாஸ் சிஸ்டத்தையே இதுல போடுடா" என்றேன்.

"ஏனுங்கக்கா, அதைப் போட்டா இதுல இருக்கறது பூராம் அழிஞ்சுபோயிருமுங்க. புதுக் காருக்கு மாட்டைப் பூட்டச் சொல்றீங்களே!"

"பூட்டு சாமி. வேணும்னா நான் ஓட்டிக்கறேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அழித்தான். நீங்கள் வைத்துவிட்டுப் போன டாஸ் மூன்று ஃப்ளாப்பி. முதலாவது ஏறியது. இரண்டாவதில் கர்ர் என்று ஒரு சத்தம், படிக்க முடியவில்லை என்று வந்தது. செந்தில் அதன் வாயை மூடியிருக்கும் தகட்டைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதென்னுங்க மஞ்சளா?" என்றான்.

சந்தனம், மாமா! ஆயுத பூஜைக்கு மானிட்டருக்கு மட்டும் பொட்டு வை அம்மணி என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். பாவம், அதுவும் கருவிதானே என்று ஒவ்வொரு ஃப்ளாப்பிக்கும் தகட்டின்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான். இதில் மட்டும் இடுக்கில் இறங்கிக் காய்ந்து கிடந்தது. செந்தில் தலையில் கை வைத்துவிட்டான். நான் கத்தியால் உறையைப் பிளந்து, உள்ளே இருந்த கறுப்பு வட்டை எடுத்து, பிரஷ்ஷால் துடைத்து, வேறொரு ஃப்ளாப்பி உறைக்குள் போட்டு நீட்டினேன். படித்துவிட்டது. எட்டூருக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

டாஸ் ஏறியது. உங்கள் புரோகிராமை ஓட்டினோம். அதே வரி வந்தது, நின்றுவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது மூன்றாம் நாள். பழனியப்பன் ஐயா காலையிலேயே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூட்டின பட்டறையையே திரும்பக் கூட்டினேன். பத்து தடவையாவது வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்திருப்பேன். செந்தில் யார் யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டு வந்தான்.

"டாஸ் மேல தப்பில்லீங்கக்கா. மச்சான் புரோகிராம் ஆரம்பிக்கறப்பவே மெஷின் என்ன வேகம்னு அளந்து பாக்குதுங்க. இது பறக்கற மெஷின். அதுக்கு அளக்கத் தெரியாம செத்துப்போகுது."

"அப்ப மெதுவாப் போகச் சொல்லு."

செட்டிங்குக்குள் போய் எதையோ நிறுத்தினான். லேப்டாப் நடைவண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாக விழுந்தன. அப்புறம், மாமா, உங்கள் புரோகிராம் திறந்தது. ஆழம் கேட்டது, சொன்னோம். தண்ணீர் மட்டம் கேட்டது, சொன்னோம். வோல்டேஜ் கேட்டது, சொன்னோம். கடைசியாக இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு கேள்வி வந்து நின்றது: அம்மணி சொன்ன சுற்று?

செந்தில் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன்.

நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு கழுத்தை மட்டும் திருப்பி, "அம்மணி, இதுக்கு எத்தனை சுத்துப் போட்டா நிக்கும்?" என்பீர்கள். நான் மோட்டாரில் கம்பி இறங்கும் காடிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஒரு எண்ணைச் சொல்வேன். நீங்கள் தட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டரும் அதத்தான் சொல்லுது!" என்பீர்கள். கம்ப்யூட்டருக்குச் சமமாகச் சொல்லிவிட்டேன் என்று எத்தனை நாள் உள்ளுக்குள் குளிர்ந்திருப்பேன்! பொய்க்காரரே!

செந்தில் சும்மா ஐம்பது என்று அடித்துப் பார்த்தான், ஐம்பது என்றே வந்தது. இருபது அடித்தான், இருபது வந்தது. கம்பியின் கனத்தையும் எடையையும் அது கணக்குப் போட்டது. சுற்று மட்டும் போடவில்லை. அது என்னுடையது.

எழுந்து போய்க் காடிக்குள் விரலை விட்டேன். "நாப்பத்தொண்ணு" என்றேன். அன்றைக்கே உட்கார்ந்து கட்டி முடித்தேன்.

மோட்டார் இருபது நாளாக ஓடுகிறது. போன வாரம் பழனியப்பன் ஐயா வந்து, "கம்ப்யூட்டர் கணக்கு தப்புமா கண்ணு?" என்றார். "அது கம்ப்யூட்டர் கணக்கில்லீங்க, என் கணக்குங்க" என்றேன். அவர் உடனே, "அப்பச் சரி, அடுத்த மாசம் தம்பியோட மோட்டாரையும் கொண்டாறேன்" என்றார்.

அவரால் சட்டென்று ஒப்புக்கொள்ள முடிந்ததை ஊர் முன்னால் நீங்கள் ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை? சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்திருக்கும்? உங்கள்மேல் கோபமாக இருக்கிறது, மாமா. நீங்கள் இல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டையும் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஒன்று மட்டும் சத்தியம். ஷட்டரை இறக்க மாட்டேன். இனிமேல் யார் வந்து கேட்டாலும் என் வாயால்தான் எண்ணைச் சொல்வேன்.

உங்களோடு இன்னும் சண்டை தீராத
உங்கள் மனைவி,
சாந்தாமணி