உன் அம்மா வெள்ளி பற்றவைத்த நாள்

அதியமான்கோட்டை

அன்பு மகள் அனிஷாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் நினைத்துக்கொள்கிறோம். இங்கே இரண்டு நாள் நல்ல மழை, கேழ்வரகு சாயாமல் தப்பியது. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன்.

கண் ஆபரேஷன் ஆன அம்மா நெருப்பு முன்னால் உட்கார வேண்டாம், நகை வகுப்பை நிறுத்தச் சொல்லுங்கள் என்று போன மாதம் சொன்னாய். எனக்கும் அதே எண்ணம்தான். மணி கோர்ப்பது, கம்பி வளைப்பது என்று போன வருடம் முதல் வகுப்பை முடித்தவள் அத்தோடு விட்டிருக்கலாம், தர்மபுரியில் அடுத்த வகுப்பிலும் சேர்ந்துவிட்டாள். வெள்ளித் தகட்டை மயிரிழை வாளால் அறுப்பது, துண்டுகளைப் பற்றவைப்பது, கல் பதிப்பது எல்லாம் அதில் உண்டு. பற்றவைப்பதில்தான் சிக்கிக்கொண்டாள். கல் உட்கார மெல்லிய வெள்ளிப் பட்டையை வளையமாக்கி, தகட்டின் மேல் வைத்து நெருப்புக் காட்ட வேண்டும். மூன்று முறையும் வளையம் உருகி உருண்டையாகிவிட்டது, கட்டைவிரலில் கொப்புளம் வேறு. விட்டுவிடு என்றேன். “வெள்ளி எங்கீங்க போயிடும், உருக்கித் தட்டினா மறுபடியும் தகடுதானுங்க” என்றாள். அதன் பிறகு துவைக்கிற கல்லின் மேல் செங்கல் வைத்து, செப்புத் துண்டுகளைச் சுட்டுச் சுட்டுப் பழகினாள்.

போன வியாழக்கிழமை நேராகப் போய் அழைத்து வந்துவிடுவது என்று பஸ் ஏறினேன். வகுப்பு வாசலில் நின்று பார்த்தால், உன் அம்மா ஒட்டுப் பிடிப்பதற்காக வெண்காரம் குழைத்துப் பூசி, வளையத்தின் அடியில் நொய் அளவு பொடித் துண்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள், ஒட்டவைக்கிற வெள்ளிக்கு அங்கே பொடி என்றுதான் பெயர். நெருப்பை வளையத்தின் மேல் காட்டவேயில்லை, தகட்டை மட்டும் சுற்றிச் சுற்றிச் சுட்டாள். தகடு சிவக்கத் தொடங்கியதும் பொடி இளகி, தண்ணீர் மாதிரி வளையத்தைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடியது. அந்தக் கணமே நெருப்பை எடுத்துவிட்டாள். சொல்லிக்கொடுக்கிற பெண் வெண்மதி, உன்னைவிடச் சின்னவள், மற்றவர்களைக் கூப்பிட்டு, “மேரியம்மா கையைப் பாருங்க, தகட்டைத்தான் சுடறாங்க” என்றாள். முப்பத்தொரு வருடமாக என் பக்கத்தில் இருக்கிற கை, அது இவ்வளவு நிதானமானது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. “கூட்டிட்டுப் போக வந்தீங்களா, இன்னும் கல்லு பதிக்கலைங்க” என்றாள். “பதிச்சுட்டு வா, உக்காந்திருக்கறேன்” என்றேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வளையத்தின் விளிம்பைச் சிறுகச் சிறுக அழுத்திப் பச்சைக் கல்லின் மேல் மடக்கினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கையிலிருந்து அதை வாங்கிக் கல்லை நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை.

ஆகையால் நிறுத்தச் சொல்ல என்னால் ஆகாதம்மா. உன் கவலையும் நியாயம்தான், கண் டாக்டரிடம் அழைத்துப் போய்க் கேட்டேன், நெருப்பு வேலைக்கான கண்ணாடி போட்டால் செய்யலாம் என்றார், வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. மாதா எப்போதும் உன் கூடவே இருக்கட்டும். மறக்காமல் உன் மோதிர விரலை நூலால் சுற்றி அளந்து எனக்கு மட்டும் அனுப்பு. உனக்குத் தெரியாமல் அம்மா ஒரு மோதிரம் செய்யப் போகிறாளாம், தெரியாதவள் போலவே இரு.

உன் பாசமுள்ள அப்பா,
சவரி