எங்கள் வராந்தாவில் உன் கணப்பு

இன்று ஞாயிறு. கணப்புச் சட்டியில் கரி பிடித்ததும், உன் வழக்கப்படி ஒரு பிடி தைல மர இலையைப் போட்டேன். அந்த வாசனை எழுந்தவுடன் என்னை அறியாமல் கழுத்தைத் திருப்பி எதிர்க் கடையைப் பார்த்தேன். கல்லாவில் உன் தம்பி உட்கார்ந்திருக்கிறான். நீ போய் அடுத்த பனிக்காலமும் வந்துவிட்டது. என் கழுத்துக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

இதையெல்லாம் நீ இருந்தபோதே சொல்லியிருக்கலாம். எதிரெதிர்க் கடைகள், கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். உன்னைக் கண்டால் எனக்குப் பொறாமை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

மிஷன் பள்ளியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அது இல்லை. அங்கே நான்தான் முதல். உன் அப்பாவுக்குக் கை கால் விழுந்து நீ கடைக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. நானும் எங்கள் அப்பாவுக்குத் துணையாகக் கடையில் இருந்தேன். இரண்டும் கம்பளிக் கடைகள். நான் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, யாராவது படியேறினால் நிமிர்வேன். நீ வாசலிலேயே நிற்பாய்.

அந்த வருடங்களில்தான் ஏரிப் பக்கம் கண்ணாடி அலமாரிகளோடு புதுக் கடைகள் வந்தன. சீசனுக்கு வருகிறவர்கள் அங்கேயே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். நம் பஜாருக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மட்டும். போளூர், வெள்ளகவி போன்ற மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் சுமையை விற்று, உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கி, பனி இறங்குமுன் திரும்பிவிடுவார்கள். நம் கடைகளைக் கடந்து போனார்களே தவிர நிற்கவில்லை. மூன்று கடைகள் மூடிவிட்டன. அடுத்தது நம்முடையதுதான் என்று அப்பா சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். அவருக்குச் சோறு இறங்காது.

நீ செய்தது சின்ன காரியம். ஒரு பழைய பெஞ்சை வாசலில் போட்டு, பக்கத்தில் கணப்புச் சட்டி வைத்தாய்.

"என்னம்மா, வெறகு விக்கப் போறியா?" என்று அப்பா கேலி செய்தார்.

"கால் வெறைச்சுப் போனவனுக்கு வீட்டுக்கு ஓடத்தான் தோணும், மாமா. கொஞ்சம் சூடு ஏறட்டும். அப்பத்தான் பிள்ளைக்கு என்ன வாங்கலாம்னு நெனப்பு வரும்" என்றாய். "என்கிட்டதான் வாங்கணும்னு இல்ல. தெருவுல நின்னா எல்லாக் கடையும் கண்ணுல படுமுல்ல?"

பட்டது. வளையல் கடையில் ஏறினார்கள், பாத்திரக் கடையில் ஏறினார்கள், எங்கள் கடையிலும் ஏறினார்கள். யாராவது நீலக் கம்பளி கேட்டால், "எதுத்த கடையில மேல் தட்டுல கெடக்குங்க, வெரசாப் போங்க" என்று அனுப்புவாய். எங்கள் மேல் தட்டில் நீலம் இருப்பது எனக்கே தெரியாது. என்னிடம் வாங்கியவர்களும் உன்னைப் பற்றித்தான் பேசினார்கள். "அந்தப் புள்ளதான் சொல்லுச்சு." அந்தப் பேச்சு என்னைத் தின்றது. நகரங்கள் எப்படி எழுந்தன, எப்படி விழுந்தன என்று அத்தனை படித்தவள் நான். ஒரு பெஞ்சு போடலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

பஜாரில் யாருக்கு மனு எழுதவேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்த வாரம் யாரும் கேட்காமலே ஒன்று எழுதினேன். பெஞ்சு பாதைக்கு இடைஞ்சல், நெருப்பால் ஆபத்து, பொதுமக்கள் நலம் கருதித் தாமதம் தவிர்த்து அகற்றவும். பெயர் போடவில்லை. வாரம் முடிவதற்குள் நகராட்சி ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து எடுக்கச் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு சாரல். சந்தைக்கு வந்தவர்கள் உன் வாசலில் ஒரு கணம் நின்று, வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு நடந்தார்கள். மாலைவரை எங்கள் படியில் ஒருவரும் ஏறவில்லை. அப்பா கதவைப் பிடித்தபடி, "பெஞ்சு போச்சு, தெருவே போயிருச்சே" என்றார். நான் பக்கத்தைப் புரட்டினேன். ஒரு வரியும் மனத்தில் ஏறவில்லை.

மறுநாள் வெள்ளனே நீ வந்தாய்.

"ஏ புள்ள, உங்க வராந்தா பட்டா எடந்தான? ஆபீசுக்காரங்க அங்க வர முடியாதுல்ல?"

"அதுக்கென்ன இப்ப?"

"பெஞ்ச இங்க போடுவோம். எங்க வாசல்ல ரோட்டுலதான நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மனுவுல எழுதுனது நெசந்தான்."

நான் மடித்து வைத்த கம்பளியை எடுத்து மறுபடி மடித்தேன்.

"கிளார்க்கு வாசிச்சுக் காட்டுனாரு. 'நலம் கருதித் தாமதம் தவிர்த்து'ன்னு. நம்ம பஜார்ல அப்படி எழுத ஒரு ஆளுதான் உண்டு" என்று சொல்லிச் சிரித்தாய். "முழிக்காத. ரெண்டு பேரா தூக்குனா ஒரே நடை. எனக்குச் சோலி கெடக்கு, வா."

பெஞ்சின் ஒரு முனை உன் கையில், மறுமுனை என் கையில். நடுத்தெருவில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அப்போது எனக்கு வந்த நினைப்பு வேறு. கோபப்படாமல் இருப்பதில்கூட இவள் என்னை முந்திவிட்டாளே என்றுதான் நினைத்தேன். இதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

பெஞ்சு எங்கள் வராந்தாவுக்கு வந்த பிறகு மூடிய கடைகளில் இரண்டு திறந்தன. எங்கள் கடை பிழைத்தது. அப்பா மறுபடி நிம்மதியாகச் சாப்பிட்டார். கூட்டம் என் வாசலில்தான் உட்கார்ந்தது. ஆனாலும் குளிர் காய வருகிறவர்கள் கையை நீட்டியபடி கேட்டது உன்னைத்தான். போன பனிக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகும் உன்னைத்தான் கேட்கிறார்கள்.

இன்று வெள்ளகவிப் பெரியவர் ஒருவர், செருப்பில்லாத கால்களைச் சட்டியருகே நீட்டி உட்கார்ந்திருந்தார். பேத்திக்குச் சிவப்புக் குல்லா வேண்டும் என்றார். என்னிடம் பழுப்புதான் இருந்தது. முன்பென்றால் பழுப்பையே புகழ்ந்து விற்றிருப்பேன். ஆனால் உன் கடைத் தட்டுகள் இப்போது எனக்கு மனப்பாடம்.

"எதுத்த கடையில ரெண்டாவது தட்டுல கெடக்குங்க, தாத்தா. கால் காஞ்சதும் போங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் புள்ள மாதிரியே சொல்றியே, தாயி" என்றார்.

இந்தப் பஜாரில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதிலும் நீதான் இருந்தாய்.