உன் மனைவி சொல்லாத பெயர்

அன்புள்ள நண்பா,

கையில் இன்னும் சந்தன வாசம் இருக்கிறது. இன்று காலை வெள்ளவத்தையில், உன் வீட்டில், உன் பேரனுக்கு முடி இறக்கி, மழித்த தலையில் சந்தனம் பூசினார்கள். பிள்ளையை என் கையிலும் தந்தார்கள். நீ இருந்திருந்தால் எனக்கு முறை வந்திருக்காது. பிள்ளையை நீ யாரிடமும் விட்டிருக்க மாட்டாய்.

பிள்ளை பிறந்த மறுநாளே உன் மகள் ஸஹ்ரா தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், வாப்பாட பேரத்தான் வைக்க ஆசை. உம்மா வேணாமெண்டு நிக்கிறா. நீங்க ஒருக்காக் கதைச்சுப் பாருங்களன்."

போய்க் கதைத்தேன். உன் மனைவி நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தப் பேர நான் வாயில எடுத்ததே இல்லையே, ஜோன் நானா. அவர்ட பேரச் சொல்லி ஒரு புள்ளய எப்படிக் கூப்பிடுற, எப்படி ஏசுற?"

எனக்குத் தெரிந்த கதைதானே. கலியாணமான நாளிலிருந்து நீ அவருக்கு 'இஞ்சருங்க'. மகள் பிறந்த பிறகு 'ஸஹ்ராட வாப்பா'. பொரளை ஆஸ்பத்திரியில் நோயாளியின் பெயரைத் தாதி கேட்டபோதும் அவர் என் முகத்தைத்தான் பார்த்தார். நான்தான் சொன்னேன். கட்டிலில் கிடந்த நீ அந்த நேரத்திலும் சீண்டினாய்: "ஒருக்காச் சொன்னா என்ன? கேட்டிட்டுப் போறனே." அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

கொட்டாஞ்சேனையில் நாம் திரிந்த காலத்திலேயே உன் பெயரில் உனக்குப் பெரிய பெருமை. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த உன் உம்மா, மூன்றாவதாவது தங்கட்டும் என்று வைத்த பெயர். யஹ்யா என்றால் உயிரோடு இருப்பவன். முதுமையில் பிள்ளை கேட்டு இறைஞ்சிய ஸக்கரிய்யா நபிக்கு இறைவனே சொல்லிக் கொடுத்த பெயர், அதற்கு முன் எவருக்கும் இல்லாத பெயர் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அதே பிள்ளையைத்தான் எங்கள் மாதா கோவிலில் அருளப்பர் என்கிறோம், ஆங்கிலத்தில் ஜோன், என் பெயரும் அவருடையதுதான் என்றபோது உனக்குச் சிரிப்பு. "அப்ப நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்டா. பேரப் பாத்தியா, எனக்குச் சாவே இல்ல."

அடக்கத்தன்று அந்தப் பெயர் மீது எனக்குக் கோபம் வந்தது. மண் மூடி முடிந்ததும், அருகே அமர்ந்து ஓதிய பள்ளிவாசல் லெப்பை, உங்கள் வழக்கப்படி உன்னை உன் உம்மாவின் பெயரோடு சேர்த்து அழைத்தார். கூப்பிட்ட குரலுக்கு வருகிறவன் நீ. அன்று வரவில்லை. உயிரோடு இருப்பவனாம் என்று மனம் கசந்துபோனது.

இன்று லெப்பை, "என்ன பேர்?" என்று கேட்டார். ஸஹ்ரா தாயைப் பார்த்தாள். "உம்மாக்கு விருப்பமில்லாட்டி வேற பேர் வைப்பம்" என்றாள். உன் மனைவி பிள்ளையை வாங்கி, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, குரல் நடுங்கினாலும் எல்லோருக்கும் கேட்கும்படி, "யஹ்யா" என்றார். இன்னொரு தடவையும் சொன்னார். முந்தானை வாய்க்குப் போகவில்லை.

நான் அழுதுவிட்டேன். நீ கேட்டுவிட்டுப் போக ஆசைப்பட்டதை, உன் இடத்தில் நின்று நான் கேட்டேன். உன்னிடம் வரும் நாளில், அவர் எப்படிச் சொன்னார் என்று நீ கட்டாயம் கேட்பாய். அதற்காக அந்தக் குரலைக் காதிலேயே வைத்திருக்கிறேன்.

ஜோன்