டிவியில் ஓடாத நிச்சயதார்த்தம்

சுங்குவார்சத்திரம்

அன்புள்ள அம்மாவுக்கு மாரிசெல்வி எழுதுவது. நான் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அறைத்தோழி சத்யப்பிரியா பக்கத்திலேயே இருப்பதால் இதைப் போனில் சொல்ல முடியவில்லை.

போன மாதம் என் ஹார்ட் டிஸ்க்கை டிவி எடுக்கவில்லை என்று, என்னைக் கேட்காமலே ஃபார்மேட் போட்டுவிட்டாள். நம் கோயில் கொடைத் திருவிழா வீடியோ மொத்தமும் அழிந்துபோனது. “இப்ப டிவி, கம்ப்யூட்டர் ரெண்டுலயும் ஓடும்ல? இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கிக்கினு கீற?” என்றாள்.

பிறகு தன் நிச்சயதார்த்த வீடியோவுக்காகப் புது டிஸ்க் வாங்கினாள். டிவி, கம்ப்யூட்டர் இரண்டிலும் ஓடும்படி ஃபார்மேட் போடச் சொல்லி என்னிடமே தந்தாள். கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கும்படி போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலே டிவி முன்னால் கூடியது. ஒன்றும் வரவில்லை.

“இன்னா மாரி இது?” என்றாள்.

“திரும்ப ஃபார்மேட் போடணும்லா. வீடியோ போயிரும், பரவாயில்லையா?” என்றேன்.

அழுதாள். முதலில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவள் எடுத்து வைத்தாளா?

கம்பெனி பஸ் வந்துவிட்டது. நம்மூர் ஸ்டுடியோவில் கொடை வீடியோ இருக்கிறதா என்று கேள். பந்தியில் நின்று “ஏட்டி மாரி, சாப்பிட வா” என்று கூப்பிடுவாயே, அந்த இடம் மட்டும் கிடைத்தால்கூடப் போதும்.

மாரி